தோற்றவனுக்கு ஒரு மறைப்பு

கோயம்புத்தூர் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் மூன்று பேர் என்னிடம் "எந்தூருங்க?" என்று கேட்டுவிட்டார்கள். பெட்டி தள்ளியவர், டாக்சிக்காரர், காரணமே இல்லாமல் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர். "ஈப்போ, மலேசியா" என்றேன். மூவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அது சரீங்க. அதுக்கு முன்னாடிங்க?"

அதற்கு முன்னாடி என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் தெரியாது என்று சொன்னால் இந்த ஊரில் விடமாட்டார்கள், கண்டுபிடிக்க உதவிக்கு வருவார்கள் என்று தோன்றியது. நான்காவதாகக் கேட்டவரிடம் "சேலம் பக்கம்" என்று அடித்துவிட்டேன். "சேலத்துல எங்கீங்க?" என்றார்.

நான் வந்த காரியம் வேறு. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருப்பவை மரமூஞ்சூறுகள். பார்த்தால் அணில் மாதிரி இருக்கும், அணில் இல்லை. பெயரில் மூஞ்சூறு இருக்கிறது, மூஞ்சூறும் இல்லை. எலியைவிட நமக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம் என்பதால் மன அழுத்தத்தை ஆராய்கிறவர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தால் அதற்கு ஒரு லாபமும் இல்லை.

செய்முறை எளிது. இரண்டு ஆண் மரமூஞ்சூறுகளை அடுத்தடுத்த கூண்டில் விட்டு நடுக்கதவைத் திறந்தால் சண்டை போடும். ஒன்று தோற்கும். உடனே பிரித்து, நடுவில் கம்பிவலையை இறக்கிவிடுவோம். அதற்குப் பிறகு அடி கிடையாது, கடி கிடையாது. ஆனால் தோற்றது, வென்றதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தின்னும்போதும் பார்க்கவேண்டும், விழித்ததும் பார்க்கவேண்டும். கொஞ்ச நாளில் அதன் வால் மயிர் சிலிர்த்து, பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி நிற்கும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். மூலையில் ஒடுங்கிவிடும். அப்போது மருந்து கொடுத்துப் பார்ப்போம். வால் படிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். தோற்றதன் வாலைத்தான் அளப்போம். வென்றதன் வாலை யாரும் அளப்பதில்லை, அதற்கென்ன குறை?

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கூடத்தின் தலைவர் பதவி காலியானபோது நானும் டாக்டர் லிம்மும் போட்டியிட்டோம். லிம் வென்றார். அவருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். என் மேஜைக்கு நேர் எதிரே, கண்ணாடித் தடுப்பு வைத்த அறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் அவர் தெரிகிறார், தலை நிமிர்ந்தாலும் அவர் தெரிகிறார். அடி கிடையாது, கடி கிடையாது. அவர் நல்ல மனிதர்கூட. எனக்கு வால் இல்லாததால் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

ஆகவே கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரி மரமூஞ்சூறு ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்போகிறது, கூண்டுகளைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும், அனுமதிக் குழு வந்து பார்த்துச் சம்மதித்துவிட்டால் அந்த ஆளே பிரிவுக்குத் தலைவர் என்று கடிதம் வந்தபோது கையைத் தூக்கிய முதல் ஆள் நான். பிராணிகள் பிறகு எங்கள் கூடத்திலிருந்து வரும். லிம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

என்னைக் கூட்டிப்போக வந்தவள் எஸ்தர். அந்தக் கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியை. சொந்த ஊர் காங்கேயம் பக்கம். காரில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"சிறுவாணித் தண்ணிங்க மேடம். உலகத்துலயே ரெண்டாவது ருசிங்க."

குடித்தேன். நல்ல தண்ணீர்தான். முதலாவது எது என்று கேட்டேன். எஸ்தருக்குத் தெரியவில்லை. டிரைவருக்கும் தெரியவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும்வரை பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன், ஒருவருக்கும் முதலாவதைப் பற்றிக் கவலையில்லை. இரண்டாவது என்பதில் மட்டும் அத்தனை பேரும் உறுதியாக இருந்தார்கள். நான் இரண்டாவதாக வந்தபோது அதை இவ்வளவு பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

விருந்தினர் விடுதியில் சந்தகை என்ற அரிசிச் சேவை போட்டார்கள். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளில் வைத்து விற்கிற புட்டு மாயம் என்ற இடியாப்பத்துக்குச் சித்தப்பா முறை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிப் பிசைந்தால் பேச்சு வராது. பரிமாறிய பெண்மணியிடம் போதும் என்றேன். "இருக்கட்டுங்க" என்று இன்னொரு கை வைத்தார். போதும் போதும் என்றேன், இரண்டு கை வைத்தார். இந்த ஊரில் வாயால் சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள உறவு வேறு என்று அந்த இலையிலேயே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். புரியவில்லை.

மத்தியானம் தாளாளரைப் பார்க்கப் போனோம். மில்லும் கல்லூரியும் நடத்துகிற வெள்ளை வேட்டிக்காரர். எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க அம்மணி, வாங்க. பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா? ஏனுங்க, அது புள்ளையார் வாகனமுங்களே?"

இது அந்த மூஞ்சூறு இல்லை என்று விளக்கினேன். "பேர்ல இருக்குதுங்களே" என்றார். புதுக் கட்டடத்தின் வாசலில் ஏற்கனவே பளிங்கில் ஒரு பிள்ளையாரை உட்காரவைத்தாயிற்றாம். பதவியைப் பற்றி நானாக எடுக்கவில்லை, அவரே சொன்னார்: "கமிட்டி மட்டும் சரின்னு போடட்டுங்க. அப்பறம் எல்லாம் நீங்கதானுங்க. நாங்க கட்டடத்தக் கட்டிக் குடுத்துபோட்டு ஒதுங்கிக்குவோமுங்க."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வெளியே வந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எஸ்தர் அந்த அறையில் நாற்காலியின் ஓரத்தில், பாதிதான் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன். அவள் சிரித்தாள்.

"எங்கப்பா அவரு சொந்தக்காரங்க தோட்டத்துல பண்ணையத்துல இருந்தாருங்க மேடம். பண்ணாடியக் கண்டா துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுக்குவாரு. நான் அப்படியெல்லாம் இல்லீங்க. உக்காந்துதான் பேசுவேன். என்னமோ, முழுசாச் சாஞ்சு உக்கார மட்டும் இன்னும் வரமாட்டேங்குது."

மறுநாள் கூண்டுகளைப் பார்க்கப் போனேன். கட்டடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏசி, வெள்ளை டைல்ஸ், தானாக அணைந்து எரிகிற விளக்கு. உலகத்துக்கே பம்பும் மோட்டாரும் மாவாட்டுகிற கிரைண்டரும் செய்து அனுப்புகிற ஊரில் கூண்டு செய்யச் சொன்னால், ராக்கெட்டில் மாட்டுகிற தரத்தில் செய்திருந்தார்கள். ஒரு முனை கையைக் கீறவில்லை. நடுக்கதவு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. மனம் நிறைந்து ஒரு கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மூலையில் ஒரு தகடு மடக்கி நின்றது. அதன் பின்னால் ஒரு மரமூஞ்சூறு தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம். அடுத்த கூண்டிலும் இருந்தது. எல்லாக் கூண்டிலும் இருந்தது.

"இது என்ன?"

கூண்டு செய்தவர் பக்கத்தில்தான் நின்றார். சையது பாய். உக்கடத்தில் பட்டறை வைத்திருப்பவர், அறுபதை நெருங்குகிறவர், தான் செய்த பொருளைப் பற்றி யார் கேட்டாலும் முகம் மலர்ந்துவிடுகிறவர்.

"மறைப்புங்க மேடம்."

"டிராயிங்ல இல்லையே பாய்."

"ஆமாங்க, டிராயிங்ல உட்டுப்போட்டிருந்தாங்க. பரவால்லீங்க, நாங்களே சேத்திட்டோம். அதுக்குத் தனியா சார்ஜ் எல்லாம் கெடையாதுங்க."

அந்த வரைபடத்தைக் கோலாலம்பூரிலிருந்து வரைந்து அனுப்பியது நான். அதில் எதையும் விட்டுவிடவில்லை. அந்த மூலை காலியாக இருக்கவேண்டும் என்பதுதான் முழு விஷயமே. ஆனால் இந்த ஊர்ப் பட்டறைக்காரர்களிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்தால், வரைந்தவருக்கு ஏதோ தெரியாமல் போய்விட்டது, நாம்தான் பார்த்துச் சரிசெய்யவேண்டும் என்றே ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது.

கோபத்தை அடக்கிக்கொண்டு அவரையும் எஸ்தரையும் எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். இந்த ஊரில் டீ குடிப்பது பேக்கரியில்தான். தேங்காய் பன்னும் டீயும் வந்தன. எங்கள் தே தாரிக் அளவுக்கு நுரை இல்லை, ஆனால் பன் சூடாக இருந்தது. பாயிடம் செய்முறையை முதலிலிருந்து சொன்னேன்.

"அதான் எஸ்தர் அம்மணி முன்னாடியே சொல்லிப்போட்டாங்களே" என்றார். "தோத்தவன் நாள் பூரா செயிச்சவன் மூஞ்சியப் பாத்துட்டே கெடக்கோணும்னு. அதக் கேட்டுத்தானுங்க மறைப்பு வெச்சேன்."

"பார்த்துக்கிட்டே கிடந்தாத்தான் பாய் ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி பண்ணுங்க, ஆரு வேண்டாங்கறா? செத்த நேரம் ஒதுங்கறதுக்கு எடம் வேணுமில்லீங்க?"

"ஒதுங்கினா அது சரியாயிடும்."

"அப்படீங்களா!" என்று பாய் சந்தோஷப்பட்டார்.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கைப்பேசியை எடுத்து என் மேஜையிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டினேன். யாருடைய பிறந்தநாளுக்கோ எடுத்தது. கேக், மெழுகுவர்த்தி, பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் லிம். "இப்படித்தான் பாய், எதிர்ல தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும்" என்றேன். பாய் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி லிம்மை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லா மறைப்பையும் எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை கமிட்டி வருது."

"ஆகட்டுங்க. ஒரு கிரைண்டிங்க வெச்சா மணி நேரத்துல எடுத்துப்போடலாமுங்க."

போதும் என்று சொன்னபோது இலையில் என்ன நடந்தது என்பதை நான் அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை.

கூண்டு வேலை நடக்கிற நாளில் நான் குறுக்கே நிற்கவேண்டாம் என்று எஸ்தர் என்னைச் சத்தியமங்கலம் பக்கம் கூட்டிப்போனாள். மலையடிவாரத்தில் அவளுடைய சித்தப்பா காவல் பார்க்கும் ஒரு தோட்டம். அங்கே இந்த நாட்டுக்கே உரிய மரமூஞ்சூறு இருக்கிறதாம். அதைக் கூண்டில் அடைக்கச் சட்டம் இடம் தராது, பார்க்கத் தடையில்லை.

புளியம்பட்டியில் அன்று சந்தை. எங்கள் காருக்கு முன்னால் ஒரு வேனிலிருந்து காளை ஒன்று இறங்கி, திரும்ப ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காளையிடமும் "ஏறுங்க சாமி" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அது அசையவில்லை. அதற்குள் எங்கள் கார் சூடேறிப் புகைவிட, டிரைவரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தது. கோலாலம்பூரில் ரயிலில் யாராவது தும்மினாலே திரும்பிப் பார்ப்போம். இங்கே அந்தப் பாட்டுக்கு மேல் குரலெடுத்து இரண்டு பெண்கள் பின்சீட்டில் ஊர்க் கதை பேசினார்கள்.

"எலெக்சன்ல தோத்தவரு இப்ப வாசல மாத்தி வெச்சுட்டாரு, தெரியுமா?"

"ஏனாமா?"

"வாஸ்து சரியில்லையாமா. செயிச்சவரு ஊடு நேரெதுக்காலயில்ல இருக்குது? பொறவு வாஸ்து எப்படிச் சரியா இருக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்தில் எங்களுக்கு மரமூஞ்சூறு காட்ட ஊரில் பாதி வந்திருந்தது. அங்கே அதன் பெயர் மூங்கில் அணத்தான். "அதா போகுதுங்க!" என்று ஒருவர் கைகாட்டினார். அணில். "இதா இதா!" இன்னொருவர். அதுவும் அணில். நான் ஏமாந்துவிடக் கூடாதே என்று ஒரு மணி நேரம் அணிலாகக் காட்டினார்கள். நடுவில் அரிசிம்பருப்புச் சோறு போட்டார்கள். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து நெய் ஊற்றுகிற சாதாரணச் சோறு, நான் மூன்று முறை வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை போதும் என்று சொல்லும் முட்டாள்தனத்தைச் செய்யவில்லை.

வெயில் தாழ்ந்ததும் பாறைகளுக்கு நடுவே நிஜமாகவே ஒன்று வந்தது. என்னிடம் இருப்பவற்றைவிட வெளிறிய நிறம், தோளில் ஒரு வெள்ளைக் கீற்று. பாறைமேல் உட்கார்ந்து தன்னைத் தானே வருடிச் சுத்தம் செய்தது. பிறகு எங்கள் கூட்டத்தைப் பார்த்தது. வால் அப்படியே சிலிர்த்து நின்றது. அடுத்த கணம் பாறை இடுக்குக்குள் மறைந்துவிட்டது.

"எட்டிப் பாக்குதுங்க மேடம்" என்றாள் எஸ்தர். இடுக்கிலிருந்து மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்தே எங்களை எடைபோட்டுவிட்டு அது மெல்ல வெளியே வந்தது. வால் படிந்திருந்தது. மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படி ஓசியில் படிந்துகொள்ளும் வாலை வைத்துக்கொண்டு எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பிழைப்பது?

திரும்பும் பஸ்ஸிலிருந்து பாயை அழைத்தேன்.

"எடுத்தாச்சா பாய்?"

"எடுத்துட்டேதான் இருக்கோமுங்க."

அவர் குரலுக்குப் பின்னால் தகடு அறுக்கும் சத்தம் இல்லை. டீ கிளாஸ் வைக்கும் சத்தம்தான் கேட்டது. எஸ்தரைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எடுக்கமாட்டாருங்க மேடம். மாட்டேன்னும் சொல்லமாட்டாருங்க."

தாளாளரிடம் போன் செய்து முறையிட்டேன். "செஞ்சர்லாமுங்க அம்மணி, நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றார். வைப்பதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்டார். "அந்த மறைப்பு இருந்தா என்னாகுமுங்க?" தோற்ற பிராணி ஒதுங்கித் தேறிவிடும் என்றேன். "நல்லதுதானுங்களே?" தேறிவிட்டால் ஆராய்ச்சி எதற்கு என்றேன். "அதும் சரிதானுங்க" என்று எனக்கும் இடம் கொடுத்தார். சண்டையே போடவிடாமல் என்னைத் தோற்கடிக்கிற மனிதர்களை நான் அதுவரை சந்தித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். எல்லா மறைப்புகளும் அப்படியே இருந்தன. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். வெளியே வந்தால், வாசலில் பாய் வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார்.

"கிரைண்டிங் வீல் தீந்துபோச்சுங்க மேடம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கோயம்புத்தூர்ல?"

"கெடைக்கலீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை விஷயத்தில் நான் யார் முன்னாலும் அழுததில்லை. லிம் வென்ற அன்று கைகொடுத்து வாழ்த்திவிட்டு வந்தவள். பிள்ளையார் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பட்டறைக்காரரிடம் கத்தினேன்.

"அந்தப் படத்துல பார்த்தீங்களே, அது கூண்டு இல்ல பாய், என் மேஜை. அந்த ஆள்கிட்ட தோத்தது நான்தான். இன்னைக்கு இது பாஸாகலைன்னா நான் திரும்பிப் போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னாடிதான் உட்காரணும். ரிட்டயர் ஆகிறவரைக்கும்!"

எஸ்தர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டாள். பாயின் முகம் வாடிப்போயிருந்தது. பிறகு கேட்டார்:

"கண்ணாடி எத்தன அடிங்க இருக்கும்?"

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். வெறுப்பில் கையை விரித்து இவ்வளவு என்று காட்டினேன். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

குழுவில் மூன்று பேர். தலைமை வகித்த அம்மாள் வடக்கேயிருந்து வந்தவர். சிறுவாணித் தண்ணீர், இளநீர், காபி என்று மூன்று கட்டமாக உபசரிப்பு முடிந்து ஒருவழியாகக் கூண்டுக்கு வந்தார். குனிந்தார். மறைப்பைத் தொட்டார். தகட்டில் ஒரு சிறிய துளை இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். அது ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எஸ்தர் தமிழில் பாயிடம் கேட்டாள்.

"ஒளிஞ்சிருக்கறவனுக்கும் வெளிய என்ன நடக்குதுன்னு தெரியோணுமில்லீங்க? இல்லீன்னா உள்ளயே பயந்துட்டுக் கெடப்பானுங்க."

எஸ்தர் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தார். பிராணிகளுக்கு ஒதுங்கிடம் கொடுத்துத் தானாகவே கூண்டு செய்திருக்கும் ஒரு நிறுவனத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை: இந்த மறைப்புகளை எக்காலத்திலும் அகற்றவோ அடைக்கவோ கூடாது.

கட்டடம் பாஸாகிவிட்டது, ஆராய்ச்சி செத்துவிட்டது. அந்த அறையில் இதைப் புரிந்துகொண்டது நான் ஒருத்திதான். தாளாளருக்குப் புகைப்படம் கிடைத்தது. குழுவுக்குப் பொன்னாடை, எனக்குப் பொன்னாடை, பாய்க்கும் பொன்னாடை. அவர் அதை எப்படிப் பிடித்துக்கொள்வதென்று தெரியாமல் மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் தாளாளரிடம் போனேன். இந்த நிபந்தனையோடு நான் சொன்ன ஆராய்ச்சியைச் செய்யமுடியாது, தோற்ற பிராணி எப்படித் தேறுகிறது என்று வேண்டுமானால் ஆராயலாம், அதற்கும் ஆள் வேண்டும், நான் வரத் தயார் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"நல்ல யோசனையுங்க. பாத்துச் சொல்றேனுங்க."

நான் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டேன். எஸ்தர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஆனால் இந்தத் தடவை அவருக்கு எதிரே நாற்காலியில் முதுகு பட உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுவே ஏதோ லாபமாகத் தோன்றியது.

விமான நிலையத்துக்கு வந்தவள் பிரவுன் தாள் சுற்றிய ஒரு தட்டையான பொட்டலத்தை நீட்டினாள். "பாய் குடுக்கச் சொன்னாருங்க. மொகத்தப் பாக்கச் சங்கடமா இருக்குதுன்னு வரலீங்க." என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் பிரித்துவிட்டார்கள். மின்னுகிற எஃகுத் தகடு, நான் கையை விரித்துக் காட்டிய அகலம், கை கீறாமல் விளிம்பு மடக்கியது. கண்ணாடித் தடுப்பின் மேல்விளிம்பில் மாட்ட இரண்டு கொக்கி. உட்கார்ந்தால் கண் படும் உயரத்தில் ஒரு சிறிய துளை. காவலர் இந்தியில் இது என்ன, எதற்கு என்று கேட்டார். அவர் தகட்டைத் தூக்கிப் பிடித்துத் துளை வழியாக என்னைப் பார்த்தார். பக்கத்து வரிசைக்காரரைப் பார்த்தார். தன் மேலதிகாரி நின்ற பக்கம் திரும்பி அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

தாளாளரிடமிருந்து பதில் வரவில்லை. பொங்கல் வாழ்த்து வந்தது. பாத்துச் சொல்றேனுங்க என்றால் என்னவென்று அப்போது புரிந்தது. ஆக, நான் எந்த மேஜையிலிருந்து தப்பிக்கப் போனேனோ அதே மேஜைக்குத் திரும்பினேன். தகட்டைக் கண்ணாடியில் மாட்டினேன். அளவு இம்மியும் பிசகவில்லை. லிம் மறைந்துபோனார். அன்று பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக்கை நிதானமாகச் சாப்பிட்டேன். எப்போதாவது தோன்றினால் துளை வழியாகப் பார்த்தேன். அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், நான் என் வேலையைப் பார்த்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றிருந்தது.

கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. லிம்தான் ஒருநாள் எல்லோரும் போன பிறகு என் மேஜைக்கு வந்து நின்றார். கழற்றச் சொல்லப்போகிறார் என்று என் பிடரி சிலிர்த்தது. அவர் தகட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலை. எங்கே செய்தது?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். கொஞ்சம் தயங்கினார். அவர் அறைக்கு இன்னொரு பக்கமும் கண்ணாடிதான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் எல்லோருக்கும் மேலே இருக்கும் டீன்.

"எனக்கு ஒன்று கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். "நாள் முழுக்க அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வீட்டில்கூடத் தூக்கம் வருவதில்லை."

வென்றதன் வாலையும் நாங்கள் அளந்திருக்கவேண்டும். இத்தனை நாள் அந்த மனிதனை வெறுத்ததெல்லாம் ஒரு நொடியில் பாவம் என்று ஆகிப்போனது. அவர் எதிரிலேயே கைப்பேசியை எடுத்து உக்கடத்துக்கு அழைத்தேன். தகட்டை என்ன செய்தேன், அது எப்படி இருக்கிறது என்று சொன்னேன். இப்போது எதிரே இருந்தவரே தனக்கும் ஒன்று கேட்கிறார், அவருக்கு எதிரே ஒரு டீன் இருக்கிறார் என்று சொன்னேன்.

சையது பாய்க்கு ஆச்சரியமே இல்லை.

"அந்த டீனுக்கு எதுக்கால ஆருங்க?" என்றார். "நல்லா விசாரிச்சு, மொத்தமா எத்தன பீஸுன்னு சொல்லுங்க. ஒட்டுக்காப் போட்டுத் தந்துபோடறேன்."